இருட்டிலும் கை தெரிய வேண்டும்: சைகை மொழியில் ஓர் இரத்தக் காட்டேரி

1975 இல், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தில் சோர்க் என்றொரு வேலைக்காரன் வருகிறான். சூனியக்காரி ஒருத்தியின் வீட்டில் ஏவல் செய்பவன். அவனுக்குக் கைகள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தகரப் பேணிகள் இருக்கின்றன. வேறெந்தப் பேய்ப்படத்தில் இப்படியொருவன் வந்தாலும் கோரமான ஓர் அலங்காரம் என்று கடந்து போய்விடுவோம். இந்தப் படத்தில் அப்படிக் கடக்க முடியாது. இதில் வருகிற எல்லோரும் கையால் பேசுகிறார்கள். பாதிரியாரும் துப்பறிகிறவரும் சூனியக்காரியும் கையால்தான் பேசுகிறார்கள். இரத்தம் குடிக்கிறவனும், அவனிடம் அகப்பட்டுச் சாகிறவர்களும் அப்படியே. அங்கே கை போனவன் நாக்கு அறுபட்டவன். சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருக்க, அதை வெளியே கொண்டுவர வழியில்லாமல் நிற்கிறான் சோர்க்.

படத்தின் பெயர் டெஃபுலா. அமெரிக்கச் சைகை மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது. எழுதி, இயக்கி, தலைமைப் பாத்திரத்திலும் நடித்தவர் பீட்டர் வெக்ஸ்பெர்க். திரைக்குப் பீட்டர் வூல்ஃப் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவரும் காது கேளாதவர். சைகை மொழியில் படம் எடுக்கும் தங்கள் முறைக்குச் ‘சைன்ஸ்கோப்’ என்று பெயரிட்டு, அகலத்திரை, வண்ணம் போல அதையும் ஒரு புதுமையாகவே அறிவித்தார்கள். கதை எளிமையானது. இறையியல் படிக்கும் இளைஞன் ஒருவன். தகப்பன் ஒரு மதபோதகர். தாய் அவனைச் சுமந்திருந்தபோது டிராகுலாவால் கடிக்கப்பட்டவள். சிறு வயதிலிருந்தே அவனுக்கு இரத்தத்தில் நோய். தகப்பன் தன் இரத்தத்தைக் கொடுத்து அவனை வளர்க்கிறார். இரவில் அவன் உருமாறுகிறான்: முடி கறுக்கிறது, மூக்கு நீள்கிறது, மேலங்கி விரிகிறது. ஊரில் கொலைகள் நடக்கின்றன.

இதில் உலகத் தரத்து நடிப்பையோ சிலிர்க்க வைக்கும் காட்சிகளையோ தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். குறைந்த செலவில் எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. காது கேட்கும் இரசிகர்களிடையே வினோதப் படங்களின் பட்டியலில் ஓர் இடமே இதற்குக் கிடைத்தது. ஆனால் படம் செய்த ஒரு காரியத்தை அந்தப் பட்டியல்கள் கவனிக்கவில்லை. காது கேளாமை இந்தக் கதையில் ஒரு செய்தியே ஆகவில்லை. காது கேட்கிறவன் ஒருவன் வந்து வியப்பதும் இல்லை, இரங்குவதும் இல்லை. மருத்துவர், கருவி, சிகிச்சை, கண்ணீர் எதுவும் கிடையாது. எல்லோரும் சைகையில் பேசுகிற ஒரு நகரம். அங்கே ஒரு கொலைகாரன். அவ்வளவுதான் கதை.

காது கேட்கிறவர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படத்துக்கு மேலே குரல் ஓட்டினார்கள். பாத்திரங்கள் கையால் பேசப் பேச, குரல் நடிகர்கள் வாயசைவு தேவையில்லாத அந்த வசனங்களைப் பேசிப் பதிந்தார்கள். வாழ்நாள் முழுவதும் யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்ற நிலையில் காது கேளாதவர்களை வைத்திருந்த அரங்கத்துக்குள், ஒன்றரை மணித்தியாலத்துக்கு இடங்கள் மாறின. வீட்டுக்காரர் காது கேளாதவர். விருந்தாளி காது கேட்கிறவர். விருந்தாளிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் கொடுக்கப்பட்டார். 1975 இல் இப்படி நினைத்ததே பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன்.

ஆயினும் அந்த வீட்டுக்கும் வாசலில் பூட்டு இருந்தது. குரலைச் சேர்த்தவர்கள் திரையில் வசன எழுத்தைச் சேர்க்கவில்லை. காது கேளாதவர்கள் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும் என்பது காது கேட்கிறவர்களின் கற்பனை. நடு வயதில் செவிப்புலனை இழந்தவருக்குத் தெரியாது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்கப்பட்ட பிள்ளைக்கும் தெரியாது. 1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழிக் கல்வியே உகந்தது என்று தீர்மானித்த பின், பல நாடுகளின் பாடசாலைகளில் சைகை மொழி அடித்து விரட்டப்பட்டது. அந்த வகுப்புகளிலிருந்து வந்த தலைமுறைகளுக்கு டெஃபுலா பாதி புரிந்த படமாகவே இருந்திருக்கும். வேறு நாட்டுக் காது கேளாதவருக்கும் இதே நிலைதான். அமெரிக்கச் சைகை மொழி 1817 இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பாடசாலையில் பிரெஞ்சுச் சைகை மொழியின் செல்வாக்கோடு வளர்ந்தது. பிரித்தானியச் சைகை மொழிக்கும் அதற்கும் உறவு மிகக் குறைவு. இந்தியச் சைகை மொழி வேறு, இலங்கையில் வழங்குவது வேறு. இலங்கையின் இரத்மலானைக் காது கேளாதோர் பாடசாலையில் படித்த ஒருவரைப் போர்ட்லண்டுக் காட்டேரியின் முன்னால் உட்கார வைத்தால் முகத்தையும் உணர்ச்சியையும் பிடித்துக்கொள்வார். வசனத்தைப் பிடிக்க மாட்டார்.

காது கேளாதவருக்கு ஒரு படம் எட்டுமா என்ற கேள்வியைப் படம் முடிந்தபின் ஒட்டுகிற எழுத்தோடு மட்டும் தொடர்புபடுத்தியே நாம் பேசுகிறோம். கமராவை எங்கே வைக்கிறார்கள், விளக்கை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதிலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது. சைகை மொழிப் பேய்ப்படத்தை விட இதை விளக்க நல்ல உதாரணம் கிடைக்காது.

பேய்ப்படத்துக்கு இருட்டு வேண்டும். சைகைக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் இருவர் கிசுகிசுக்கிற காட்சியைச் சாதாரணப் படத்தில் கறுப்புத் திரையிலேயே நடத்தி முடிக்கலாம், குரல் போதும். சைகையில் அது முடியாது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ‘காப்பாற்று’ என்று கத்த முடியாது. பாத்திரத்தின் முதுகைக் காட்டிக்கொண்டே வசனம் சொல்ல வைக்க முடியாது. ஒருவர் பேசிக்கொண்டிருக்க, கேட்பவரின் முகத்துக்குக் கமராவைத் திருப்பி அங்கே பயம் ஏறுவதைக் காட்டுவது பேச்சுப்படத்தின் பழைய உத்தி. சைகைப் படத்தில் அப்படித் திருப்பினால் வசனம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். அண்மைக் காட்சி வேண்டுமென்று முகத்தை மட்டும் காட்டினால் கை வெளியே போய்விடும். கையை மட்டும் காட்டினால் பாதி இலக்கணம் போய்விடும்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலங்கையின் கற்பிட்டிக் கரையோரமான எங்கள் பக்கத்தில் எஞ்சின் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள் இரைச்சலில் ஒருவருக்கொருவர் கையைக் காட்டியே வேலை செய்வார்கள்: வலையை விடு, நிறுத்து, திருப்பு. சைகை மொழியும் இதுபோன்ற ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் பலர். 1960 இல் வில்லியம் ஸ்டோக்கோ வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. கையின் வடிவம், கை வைக்கப்படும் இடம், அசைவு ஆகிய கூறுகள், வாய்மொழியில் ஒலிகள் சேர்ந்து சொல்லாவது போலச் சேர்ந்து சொல்லாகின்றன என்று அவர் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் முகத்தையும் சேர்த்தன. அமெரிக்கச் சைகை மொழியில் ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், எங்கே, ஏன் என்ற கேள்விக்குப் புருவம் நெரியும். வாயின் வடிவம்கூடப் பொருளை மாற்றும். கோரைப் பல்லும் ஒட்டுமூக்கும் வைத்த ஒரு காட்டேரி சைகையில் பேச வேண்டுமென்றால் ஒப்பனைக்காரரும் மொழியறிந்தவராக இருக்க வேண்டும். மறுபக்கம், கறுப்பு மேலங்கிக்கு எதிரே வெளிறிய கைகள் அழுத்தமாகத் தெரியும். சைகை மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் தோல் நிறத்துக்கு மாறான ஒரே நிற உடையை அணிவது இதற்காகத்தான். டிராகுலாவின் உடுப்பு அந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். இதை வெக்ஸ்பெர்க் திட்டமிட்டாரா என்பது முக்கியமில்லை. கையால் பேசுகிற ஒருவர் கமராவின் பின்னால் நின்றால் இத்தகைய கேள்விகள் முதல் நாளே எழும் என்பதுதான் முக்கியம்.

இரத்தக் காட்டேரி திரைக்கு வந்த காலத்தில் காது கேளாதவரும் கேட்பவரும் அரங்கில் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள். 1922 இல் முர்னோ இயக்கிய நொஸ்ஃபெராட்டு பேசாப்படம். இடையிடையே எழுத்து அட்டை வரும். எழுத்துத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். 1931 இல் யுனிவர்சல் நிறுவனம் பெலா லுகோசியை வைத்து எடுத்த டிராகுலா பேசும் படம். ஆனால் ஒலிக்கருவி பொருத்தப்படாத அரங்குகளுக்காக எழுத்து அட்டையோடு பேசாத பிரதியும் வெளியிட்டார்கள். அது காது கேளாதவரை நினைத்துச் செய்தது அல்ல. கருவி வாங்காத அரங்குக்காரரை நினைத்துச் செய்தது. கருவி எங்கும் வந்ததும் அந்தப் பிரதிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. தமிழிலும் அதே 1931 இல் காளிதாஸ் வந்தது. அதுவரை சென்னை மாகாணத்துப் பேசாப்படங்களில் இருந்த எழுத்து அட்டைகள் மறையத் தொடங்கின. தமிழ் சினிமா பேசத் தொடங்கிய ஆண்டை நாம் கொண்டாடுகிறோம். அரங்கிலிருந்து ஒரு கூட்டம் சத்தமில்லாமல் வெளியேற்றப்பட்ட ஆண்டாகவும் அதை எழுதி வைக்க வேண்டும்.

அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் எமர்சன் ரொமெரோ என்பவரைக் குறிப்பிடாமல் போக முடியாது. கியூபாவில் பிறந்தவர், சிறு வயதில் கக்குவான் வந்து காது போனது. 1920களின் பிற்பகுதியில் டொமி அல்பேர்ட் என்ற பெயரில் பேசாத நகைச்சுவைக் குறும்படங்களில் நடித்தார். பேசும் படம் வந்ததும் வேலை போயிற்று. பார்ப்பதற்குப் படமும் இல்லாமல் போயிற்று. 1947 இல் அவர் பேசும் படச் சுருள்களை வாங்கி, வசனத்தை அட்டையில் எழுதிப் படமாக்கி, அந்தத் துண்டுகளைச் சுருளை வெட்டி இடையிடையே ஒட்டி, காது கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். படத்தின் நீளம் கூடியது, ஒலி துண்டு துண்டானது. ஆனால் அவருடைய பார்வையாளருக்கு ஒலி எதற்கு? பின்னர் படத்தின் மேலேயே எழுத்துப் பதிக்கும் முயற்சிகள் வந்தன. 1958 இல் அமெரிக்க அரசு சட்டமியற்றிப் பணம் ஒதுக்கியது. வேண்டுமானால் மட்டும் தொலைக்காட்சியில் எழுத்தைத் தோன்றச் செய்யும் வசதி 1980 இல் வந்தது. டெஃபுலா இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. எழுத்தை ஒட்டும் வழியை விட்டுவிட்டு, படமே எங்கள் மொழியில் இருக்கட்டும் என்ற துணிச்சல் அதற்கு இருந்தது.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது 2018 ஏப்ரலில் வெளியான மெர்க்குரி. கார்த்திக் சுப்பராஜ் இயக்கியது. இதுவும் பேய்ப்படம், இதிலும் முதன்மைப் பாத்திரங்கள் சைகையால் பேசுகிறார்கள், வசனம் ஒன்றுகூட இல்லை. பாதரச நச்சால் பிறவியிலேயே பேச்சும் செவியும் இழந்த நண்பர்கள் ஐவர், ஓர் இரவில் ஒரு மனிதனைத் தவறுதலாகச் சாகடித்து உடலை மறைக்கிறார்கள். பிரபுதேவா நடித்த அந்த மனிதன் திரும்ப வருகிறான். அவனுக்குக் கண் தெரியாது. சத்தத்தை வைத்து வேட்டையாடுகிறான். பின்னணியில் இருப்பது கொடைக்கானல். அங்கே 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே கொட்டப்பட்டது அம்பலமாகி 2001 இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கைக்கு வர 2016 ஆகிவிட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற எங்களுக்கு அந்தப் படத்தின் கோபம் விளக்காமலே விளங்கும்.

கோபம் நியாயமானது. படம் யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வி வேறு. மெர்க்குரியில் பயம் எப்படிப் பிறக்கிறது? நண்பர்களில் ஒருவர் தம்மை அறியாமல் எதையோ தட்டிவிடுகிறார். சத்தம் எழுகிறது. அவருக்குக் கேட்கவில்லை, நமக்குக் கேட்கிறது, கொலைகாரனுக்கும் கேட்கிறது. ‘ஐயோ, சத்தம் போடாதே’ என்று நாம் இருக்கையில் நெளிகிறோம். திகிலின் இயந்திரம் முழுவதும் பார்வையாளருக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. காது கேளாத பார்வையாளர் திரையில் உள்ளவர்களோடு சேர்ந்து ஒன்றும் அறியாதவராக நிற்கிறார். சந்தோஷ் நாராயணனின் இசையும் கவனமாகச் செதுக்கிய ஒலியமைப்பும் படத்தின் பெருமையாகப் பேசப்பட்டன. வசனமில்லாத படத்துக்கு எழுத்து எதற்கு என்று கேட்கலாம். வசனம் இல்லாததால்தான் ஒலிக்கு எழுத்து தேவை: பின்னால் பலகை கிறீச்சிட்டது, மாடியில் காலடி கேட்டது, இசை திடீரென நின்றது என்று. கண் தெரியாத பார்வையாளருக்கோ வசனமில்லாத படம் முழு இருட்டு. நடப்பதைச் சொல்கிற வர்ணனைக் குரல் வேண்டும். செவியற்றோரையும் கண்ணற்றவனையும் எதிரெதிரே நிறுத்திய ஒரு கதை, அந்த இரு சாராருக்குமே முழுதாகப் போய்ச் சேராதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குறும்புத்தனமோ அலட்சியமோ இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கமராவுக்குப் பின்னால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் இல்லை.

தமிழ்த் திரையில் இந்த இடைவெளி பழையது. குல்ஸார் 1972 இல் எடுத்த கோஷிஷ், 1977 இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்த உயர்ந்தவர்கள் ஆக வந்தது. 2007 இல் ராதாமோகனின் மொழி வந்தது. ஜோதிகா மரியாதையோடும் உழைப்போடும் நடித்தார். அதில் கதாநாயகியின் தோழி பக்கத்திலேயே இருந்து சைகைகளை வாயால் சொல்லிக்கொண்டு வருவார். காது கேட்கும் பார்வையாளருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கதைக்குள்ளேயே நியமித்தாகிவிட்டது. அதே படத்தில் மற்றவர்கள் பேசிக் குவிக்கிற நகைச்சுவையைக் காது கேளாத பார்வையாளருக்குச் சொல்ல ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

இதை ஆலங்குடாவில் இருந்து பார்க்கும்போது இன்னொரு சுற்று இறுகுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஊர் இது. கடலும் தோட்டமும் வாடியும் இதன் பிழைப்பு, இப்போது சுற்றுலாவும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள், ஆலங்குடாவிலும் குடியேறினார்கள். இலங்கையில் காது கேளாதோர் கல்வி 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையோடு வேர் பிடித்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. போர்க் காலத்தில் புத்தளத்துக்கும் கைதடிக்கும் நடுவே இருந்தது வெறும் தூரம் மட்டுமல்ல. பாடசாலைக்கு எட்டாத பிள்ளை வீட்டிலேயே சைகை உண்டாக்கிக்கொள்ளும்: உம்மாவுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. அது அன்பின் மொழி. ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் அதைப் பேச ஆள் இல்லை. 2012 குடிசன மதிப்பீடு, கேட்பதில் சிரமமுள்ளவர்களாக இந்நாட்டில் ஏறத்தாழ 3,89,000 பேரைக் கணக்கிட்டது. அவர்களுள் சைகை மொழி கற்றவர், எழுத்து கற்றவர், இரண்டும் கிடைக்காதவர் என்று பல தரப்பினர் உண்டு. ஒரே வசதி எல்லோருக்கும் பொருந்தாது.

எங்கள் ஊரில் காது கேளாத இளைஞர் ஒருவர் படம் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்திருக்கிறேன். இங்கே படம் பார்ப்பதென்றால் பெரும்பாலும் கைபேசியில்தான். மாமி மகன் பக்கத்தில் இருப்பார். சண்டைக் காட்சியில் இருவரும் ஒன்றாகக் குனிவார்கள். பிறகு நீண்ட வசனக் காட்சி வரும். கதாநாயகன் தகப்பனோடு ஏதோ பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். இளைஞர் மச்சானின் தோளைத் தட்டி, விரலை விரித்துக் கேட்பார்: என்ன? மச்சான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையை ஒருமுறை ஆட்டுவார்: ஒன்றுமில்லை, பொறு. மூன்று நிமிடக் காட்சிக்கு அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு அது. மச்சான் கெட்டவர் அல்ல. அவருக்கும் படம் பார்க்க ஆசை. இந்த ‘ஒன்றுமில்லை’யைக் காது கேளாதவர்கள் உலகம் முழுவதும் சாப்பாட்டு நேரத்திலும் கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் விழுங்கிக்கொண்டே வாழ்கிறார்கள்.

சரி, எழுத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்றால், இணையவழித் தளங்களில் தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் வருகிறது. தமிழ் எழுத்து அரிது. சிங்களத் தொலைக்காட்சிகளில் தமிழ்ப் படம் போகும்போது கீழே சிங்கள எழுத்து ஓடும். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்ற ஒரு காது கேளாத தமிழர், தமிழ்ப் படம் பார்க்க ஆங்கிலமோ சிங்களமோ கற்க வேண்டியிருக்கிறது. எழுத்து போடுகிறவர்கள் வேறு மொழிக்காரரை நினைத்தார்கள். தன் மொழிக்குள்ளேயே கேட்க முடியாதவர் ஒருவர் உண்டு என்பதை நினைக்கவில்லை. எத்தனை மானியம், எத்தனை விழா, எத்தனை வாழ்த்துரை இருந்தும் இந்த எளிய காரியம் நடக்காமல் இருப்பது மன்னிக்கக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை, படம், நாடகம், தொலைக்காட்சி ஆகியவற்றை அணுகக்கூடிய வடிவில் பெறும் உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே சமவாயம் சைகை மொழிகளையும் மொழி என்றே வரையறுக்கிறது. இந்தியா அதை 2007 இலும் இலங்கை 2016 இலும் ஏற்புறுதி செய்தன. 2023 ஜனவரியில் பதான் என்ற இந்திப் படத்தைப் பற்றிய வழக்கில், இணையவழி வெளியீட்டுக்கு எழுத்துகளையும் வர்ணனைக் குரலையும் தயாரிக்குமாறு டில்லி உயர் நீதிமன்றம் தயாரிப்பாளருக்கு உத்தரவிட்டது. 2024 மார்ச் 15 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு, திரையரங்குகளில் காட்டும் படங்களுக்கான அணுகல் வழிகாட்டிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்கள் முதலிலும், ஏனையவை பின்னரும், செவிப்புலன் குறைந்தோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் குறைந்தது ஒவ்வொரு வசதியாவது தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தச் செய்தி சென்னைக்கும் மும்பைக்கும் உரியது என்று ஒதுக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் பார்க்கிற படங்களில் பெரும்பகுதி சென்னையில் செய்யப்படுகிறது. அங்கே ஒரு படத்துக்குத் தமிழ் எழுத்துக் கோப்பு தயாரானால், அதை மறுபடி தயாரிக்க இங்கே ஒரு சதமும் செலவில்லை. அரங்குக்கு வரும் டிஜிட்டல் பொதியிலேயே எழுத்தையும் சேர்த்து அனுப்ப முடியும். விநியோக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் படம் பாக்கு நீரிணையைத் தாண்டும்போது எழுத்தும் கூடவே தாண்டிவிடும். அந்த வரியைக் கேட்கும் பொறுப்பு கொழும்பில் உள்ள இறக்குமதியாளருக்கும் தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கும் இருக்கிறது. கேட்கும்படி அவர்களை நெருக்கும் பொறுப்பு எழுதுகிற எங்களுக்கு.

எழுத்து ஒரு வழி. சைகையில் பிறக்கும் படம் இன்னொரு வழி. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது. 2014 இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்ற உக்ரைன் படமான தி டிரைப், காது கேளாத நடிகர்களை வைத்து உக்ரைன் சைகை மொழியிலேயே எடுக்கப்பட்டது. எழுத்தும் இல்லை, குரலும் இல்லை என்பதை இயக்குநர் மைரொஸ்லாவ் ஸ்லாபொஷ்பிட்ஸ்கி அறிந்தே முடிவு செய்தார். காது கேட்கும் விமர்சகர்கள் அந்த அனுபவத்தைப் புகழ்ந்தார்கள். புரியாமல் உட்கார்ந்திருப்பது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கலை அனுபவம்தான். அதையே வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கிற ஒருவரை இன்னொரு நாட்டில் அந்தப் படத்தின் முன் உட்கார வைத்தால் புகழுவாரா என்பது எனக்குச் சந்தேகம். அந்த அளவில், அழகிய ஒளிப்பதிவும் பரிசும் இல்லாத டெஃபுலாவின் பக்கமே நான் நிற்பேன். அது குரலையாவது நீட்டியது.

தமிழ் நிலத்தில் சைகையில் ஒரு பேய்ப்படம் எடுக்க இன்று பெரிய பணம் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கதைக்கும் பஞ்சமில்லை. ஜின்னும் கொள்ளிவாய்ப் பிசாசும் ஒவ்வொரு வாடியிலும் உண்டு. தேவைப்படுவது, சைகை மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவர் இயக்குநராகவோ, குறைந்தது கமராவின் பக்கத்தில் நின்று ‘கை வெளியே போகிறது, நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்தோடோ இருப்பது. நடிப்பவர்கள் காது கேளாதவர்களாக இருக்க வேண்டும். இருட்டுக் காட்சிக்கு அரிக்கன் லாம்போ ரோர்ச்சோ கைபேசி வெளிச்சமோ கதைக்குள்ளேயே வர வேண்டும். அந்த வெளிச்சம் அணைகிற கணத்தில் பேச்சும் அணையும். கேட்கிறவர்களின் பேய்ப்படங்கள் இதுவரை தொடாத பயம் அது, அதை முழுதாகப் பயன்படுத்தலாம். படத்தைத் தொகுத்து முடித்து வெளியிடும் முதல் நாளிலேயே தமிழ் எழுத்தும், சிங்கள எழுத்தும், கண் தெரியாதவருக்கு வர்ணனைக் குரலும் அதோடு இருக்க வேண்டும். எழுத்தும் குரலும் சேர்ப்பது சில நாள் வேலை. கொடுப்பனவுப் பட்டியலில் சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும் அடுத்த வரியாக, படப்பிடிப்புக்கு முன்னரே அதை எழுதிவிட வேண்டும்.